அவ்வளவு தூரம் போய்விட்டு

விளம்பரத்தில் மூன்றே படங்கள். முதல் படத்தில் பெட்டி மூடியிருந்தது. இரண்டாவதில் சிவப்பு செல்லுலாய்டு மினுங்க, வெள்ளைக் கட்டைகள் லேசாக மஞ்சளித்து, துருத்தியை இழுத்து வாசிக்கும் ஓர் அக்கார்டியன் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது படம் அதே நாற்காலி, கொஞ்சம் கிட்டத்தில். கீழே ஒற்றை வரி: ‘நல்ல நிலையில் உள்ளது, எல்லாம் வேலை செய்கிறது.’ போட்டவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லிலேயே தெரிந்துவிட்டது. வாசிக்கிறவர் யாரும் தன் பெட்டியைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டார். இந்தக் கட்டை கொஞ்சம் தாமதம், இடது கைப் பக்கத்து அந்த பேஸ் பட்டன் கொஞ்சம் மூச்சு வாங்கும் என்று குறைகளைத்தான் முதலில் ஒப்பிப்பார்.

பெட்டி இருந்த ஊருக்கு ஒரு ராத்திரி ரயில், அதற்குப் பிறகு 3 மணி நேரப் பேருந்து. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு 11 நாள் பிடித்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒரு பழைய பெட்டிக்காக இத்தனை தூரமா என்றார் ஒருவர். பிடித்திருந்தால் கிளம்ப வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார் இன்னொருவர். மனைவி மட்டும் எதிர்க்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. “போறதுன்னா போங்க. ஆனா போன தடவை மாதிரி வந்து நிக்காதீங்க” என்றாள். அந்த 11 நாளும் என்னைக் குடைந்தது அந்த வாக்கியம்தான்.

போன தடவை

6 வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு விளம்பரம், இதேபோல ஒரு பயணம். அப்போது எனக்கு வாசிப்பு ஓரளவு வந்திருந்தது, பெட்டியைச் சோதிக்கத்தான் தெரியாது. முழுப் பகலும் பயணம் செய்து, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தேன். பெட்டியைத் திறந்து மடியில் வைத்ததும் கை தானாக ஒரு பாட்டைத் தொடங்கியது. நடுவில் ஒரு கட்டை, துருத்தியை விரிக்கும்போது மட்டும் அரை நொடி தாமதித்துப் பேசியது. கவனித்தேன். துருத்தியின் ஒரு மூலையிலிருந்து மெல்லிய பெருமூச்சு வந்துகொண்டே இருந்தது. அதையும் கவனித்தேன். கவனித்தது எதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உள்ளே வேறொரு குரல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது: இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா?

வாங்கிவிட்டேன். இரண்டாவது மாதம், வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாகின. பெட்டியை அசைத்தால் உள்ளே ஏதோ உருளும் சத்தம். பழுது பார்ப்பவர் துருத்தியைப் பிரித்துக் காட்டினார். காற்றில் அதிர்ந்து சுரம் தரும் நாக்குகள் பொருத்திய ரீடுத் தகடுகளை மரச்சட்டத்தில் பிடித்துவைத்திருக்கும் மெழுகு காய்ந்து, நகம் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. மூன்று தகடுகள் கழன்று கீழே கிடந்தன. “விழுந்தது மூணுதான் சார். ஆனா மத்ததெல்லாம் வரிசையில நிக்குது” என்றார். எல்லாவற்றையும் கழற்றி, பழைய மெழுகைச் சுரண்டி, புதிதாக ஊற்றி, மறுபடி சுருதி சேர்க்க அவர் சொன்ன தொகை நான் பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம். கடைசியில் அதை உதிரிபாகங்களுக்காக அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பணம் போனது ஆறிவிட்டது. ஆறாமல் இருந்தது வேறு. எல்லாக் குறையும் எனக்கு அன்று ராத்திரியே தெரிந்திருந்தது. தெரியாமல் ஏமாந்திருந்தால் இத்தனை வருடம் மனதில் நின்றிருக்காது.

‘எல்லாம்’ என்றால் எத்தனை

பெட்டியை அனுப்பிவைக்கச் சொல்லலாமே என்று கேட்பவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கமாட்டார்கள். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். அதிலிருப்பது பித்தளை நாக்கு. காற்று ஒரு திசையில்தான் போகும். அக்கார்டியனில் எஃகு நாக்கு, அலுமினியத் தகடு. துருத்தியை அழுத்தும்போது ஒரு நாக்கு பேசும், விரிக்கும்போது அதே தகட்டின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு நாக்கு பேசும். பேசாத நாக்கின் வழியாகக் காற்று வீணாகாமல் இருக்க, மிகச் சிறிய நாக்குகளைத் தவிர மற்ற ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய மடல், பெரும்பாலும் தோலில். 41 கட்டை, ஒவ்வொன்றுக்கும் நான்கு குரல் (நான்கு நாக்கு வரிசை), இரண்டு திசை என்று பெருக்கினால் வலது கைப் பக்கம் மட்டும் 328 நாக்குகள். இடது கையின் 120 பட்டன்களுக்குப் பின்னால் 12 சுரங்கள்தான், ஆனால் ஐந்து அடுக்கு. அங்கே இன்னொரு 120 நாக்கு. மொத்தம் 448. ‘எல்லாம் வேலை செய்கிறது’ என்று எழுதியவர் இந்த 448 பேரையும் தனித்தனியாக விசாரித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இவ்வளவும் தேன்மெழுகும் பிசினும் கலந்த ஒரு பிடிமானத்தில் நிற்கின்றன. அந்த மெழுகு வெயிலில் நின்ற வண்டிக்குள் இளகும், வயதானால் வறண்டு விரிசல் விடும். பெட்டியை எப்போதும் அதன் கால்குமிழ்கள் தரையில் பட, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்தால் தோல் மடல்கள் தொங்கிச் சுருள ஆரம்பிக்கும். பார்சல் ஆட்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? ‘மேல்பக்கம்’ என்று அம்புக்குறி போட்ட பெட்டி தலைகீழாக இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாங்குவதென்றால் ஆளே போய், மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவதுதான் வழி.

புதிதாக வாங்கலாம்தான். ஆனால் இத்தனை நாக்குகளையும் பெருமளவு கையால் பொருத்திச் சுருதி சேர்க்கும் வேலைக்கு விலை இருக்கிறது. இந்தக் கருவிக்கு 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியான் காப்புரிமை வாங்கினார். அவர் செய்த முதல் பெட்டியில் ஒரு கட்டையை அமுக்கினால் பல சுரங்கள் சேர்ந்த ஒரு முழு கார்டு ஒலிக்கும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அடுத்த நூறு ஆண்டுகளில் இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோ, ஜெர்மனியின் ட்ரோசிங்கன், கிளிங்கன்தால் என்று ஊர்ஊராக இதற்கே தொழிற்சாலைகள் வளர்ந்தன. அங்கே செய்து குவித்தவைதான் இப்போது உலகம் முழுக்கப் பரண்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே பழையதைத் தேடுவது கஞ்சத்தனம் இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள எனக்கு 200 வருட வரலாறு கைவசம் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் வரலாறு நன்றாகவே உதவும்.

போனில் 41 கட்டைகள்

மூன்றாம் நாள் அவரை அழைத்தேன். வயதானவர், பணி ஓய்வு பெற்றவர். பெட்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் வாசிப்பதை நிறுத்தியே பல வருடம் ஆயிற்றாம். “நான் தொட்டதுகூட இல்ல தம்பி. எனக்கு விசில்கூட வராது” என்றார்.

ஒரு கட்டையை அமுக்கி, துருத்தியை மெதுவாக விரிக்க முடியுமா ஐயா என்று கேட்டேன். போனை மேசையில் வைத்துவிட்டு முயன்றார். சுரம் எழுந்தது. கண்ணியமான சத்தம். இரண்டு நொடி நின்றது, பிறகு தேய்ந்து, முக்கி, காணாமல் போய்விட்டது. அடுத்த கட்டை. அதே கதை. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. துருத்தி முழுக்க ஓட்டை, காற்றே நிற்கவில்லை என்று நினைத்தேன். கூடவே ஓர் ஆறுதலும் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். போக வேண்டாம். டிக்கெட் வேண்டாம். முடிவு தானாகவே கிடைத்துவிட்டது.

“இன்னும் இழுக்கட்டுமா தம்பி? சத்தம் நல்லா வருதே” என்று தூரத்திலிருந்து அவர் கேட்டார். அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. பேச்சுக் குரலைத் தெளிவாக்குவதற்காக அழைப்பின்போது போன்கள் பின்னணி இரைச்சலை வடிகட்டுகின்றன. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக நீளும் எதுவும் அதற்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. நல்ல துருத்தி, நடுங்காத கை, நீண்ட சுரம்: எந்த அளவுக்குச் சீராக இருக்கிறதோ அந்த அளவுக்கு வேகமாக அது குப்பையில் போகும். ஓட்டைத் துருத்தி திக்கித் திணறி வாசித்திருந்தால் ஒருவேளை எனக்கு முழுதாகக் கேட்டிருக்குமோ என்னவோ.

அழைப்பைத் துண்டித்துவிட்டு, போனிலேயே இருக்கும் ஒலிப்பதிவில் பதிந்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு கட்டையையும் இரண்டு முறை, ஒருமுறை அழுத்தி, ஒருமுறை விரித்து. மறுநாள் காலை 14 நிமிடக் கோப்பு ஒன்று வந்தது. 82 சுரங்கள். இடையிடையே அவர் குரல்.

அந்தக் கோப்பை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கீழ்ச்சுரங்களில் இரண்டு, விரிக்கும்போது தாமதமாகப் பேசின. அது பெரிய விஷயமில்லை. தூசியாக இருக்கலாம், மடல் சுருண்டிருக்கலாம். நடுக்கச் சுருதிதான் பயமுறுத்தியது. ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்குகளை வேண்டுமென்றே மயிரிழை விலக்கி வைப்பார்கள், அந்த உரசலில்தான் அக்கார்டியனுக்கே உரிய அலையடிக்கும் ஒலி பிறக்கிறது. வேண்டுமென்றே விலக்கியதா, வயதாகி விலகியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழிருந்து மேலே ஒவ்வொரு கட்டையாகப் போகும்போது அந்த அலையின் வேகம் படிப்படியாக, சீராகக் கூட வேண்டும். ஒரு கட்டையில் மெதுவாகவும் அடுத்ததில் படபடவென்றும் அடித்தால் சுருதி போய்விட்டது என்று அர்த்தம். இந்தப் பெட்டியில் ஒரே ஒரு கட்டைதான் அவசரப்பட்டது. மற்ற 40-ம் ஒழுங்காக மாடி ஏறின.

ஆக, வீட்டில் இருந்தபடியே ‘வேண்டாம்’ சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வாசனை கேட்ட கதை

எட்டாம் நாள் மறுபடி பேசினேன். கேட்க மிச்சம் இருந்தது ஒன்றுதான்: பெட்டியைத் திறந்தால் ஏதாவது வாசனை வருகிறதா? “வாசனையா?” என்று சிரித்தார். எழுந்து போய்த் திறந்து முகர்ந்துவிட்டு வந்தார். “ஒண்ணும் இல்லையே தம்பி. பழைய பெட்டி வாசனைதான்.” அதோடு விட்டிருக்கலாம். தேர்வு எழுதிய பையன் மாதிரி நான் இன்னொன்றும் கேட்டேன். “ஐயா, நேர்ல வந்து பாத்துட்டு ஒருவேளை வேண்டாம்னு தோணிச்சுன்னா, தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?”

“வந்து பாருங்க தம்பி. அவ்வளவு தூரம் வந்துட்டு யாரு வெறுங்கையோட போவா?”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். பெட்டியைப் பாராட்டியே சொன்னார். எனக்கு முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. போன தடவை என் மண்டைக்குள் ஓடிய அதே வாக்கியம், இப்போது எதிர்முனையிலிருந்து வருகிறது. விற்பவருக்கு அது தெரிந்திருக்கிறது! அவர் தந்திரக்காரர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவருக்குத் துணையாக ஒரு விற்பனையாளன் இருக்கிறான், தூரம் என்று அவனுக்குப் பெயர். நான் ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் அவன் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வான். நான் கழித்த ராத்திரியையும், தூங்காத கண்ணையும், விடுப்பு எடுத்த நாளையும் கூட்டிக் கணக்கு வைத்து, சரியான நேரத்தில் காதில் சொல்வான்.

அதுவரை போகலாமா வேண்டாமா என்று நான் எடைபோட்டது பயணச் செலவையும் பெட்டியின் விலையையும்தான். எடைபோட வேண்டியது என்னை. அங்கே போய், அவர் முன்னால் உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, ‘வேண்டாம்’ என்று என்னால் சொல்ல முடியுமா? 6 வருடத்துக்கு முன்னால் முடியவில்லை. பேரம் பேசக்கூட வாய் வராத ஆள் நான். கடைக்காரர் நாலு துணியை விரித்துப் போட்டுவிட்டாலே ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவேன்.

வீட்டில் உட்கார்ந்து சொல்லும் ‘வேண்டாம்’ மலிவு, அங்கே போய்ச் சொல்வதற்கு விலை ஏறிவிடுகிறது. அதனால்தான் கேட்க முடிந்ததையெல்லாம் இங்கிருந்தே கேட்டேன் போலிருக்கிறது. இப்போது மிச்சம் இருந்தவை உடம்பு மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள்: 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டி தோளில் எப்படி உட்காரும், இடது கையை வாருக்குள் நுழைத்தால் விரலுக்கு அடையாளமாகக் குழி விழுந்த C பட்டன் எட்டுகிறதா, துருத்தி எவ்வளவு எதிர்க்கிறது. மூன்று கேள்விக்காக ஒரு ராத்திரி ரயில் ஏறுவது எனக்கு நியாயமாகப்பட்டது.

பதினோராம் நாள் டிக்கெட் போட்டேன், திரும்பி வருவதற்கும் சேர்த்து, போய்ச் சேரும் அதே நாள் சாயங்காலத்துக்கு. ராத்திரி தங்கினால் என்னை நம்ப முடியாது.

காற்று பட்டன்

வீடு சுத்தமாக இருந்தது. பெட்டியை முன்னறையில் நிமிர்த்தி வைத்திருந்தார். போனில் நான் சொன்னது நினைவிருந்திருக்கிறது. கொக்கிகளை எடுத்து மூடியைத் தூக்கினேன். மூன்று நொடி. ஈரமான பழைய துணி மாதிரி, நெடுநாள் திறக்காத அலமாரி மாதிரி ஒரு நெடி. பூஞ்சை. அதே வீட்டில் அதே காற்றைச் சுவாசிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூக்குக்கு அது பழகிப்போன வீட்டுக் காற்று.

உடனே ஒரு நம்பிக்கையும் எழுந்தது. பல சமயம் நாற்றம் வெளிப்பெட்டியின் உள்துணியில்தான் இருக்கும், கருவி நன்றாக இருக்கும். வெளிப்பெட்டியைத் தூர வைத்துவிட்டு, அக்கார்டியனை மட்டும் வாசல் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தோளில் மாட்டினேன். அழகாக உட்கார்ந்தது. C பட்டன் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. எந்தக் கட்டையையும் அமுக்காமல் துருத்தியை இழுத்துப் பார்த்தேன். அசையாமல் பிடித்துக்கொண்டது, ஒரு சொட்டுக் காற்று கசியவில்லை. இந்தத் துருத்திக்காகவே வாங்கலாம் என்று தோன்றியது. தோன்றியதும் ரயிலில் கூட வந்தவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

காற்று பட்டனை அமுக்கி, துருத்தியை முழுக்க விரித்தேன். பிறகு முகத்தைக் காற்றுத் துளைகளின் பக்கம் குனிந்து, மெதுவாக மூடினேன். சுரம் எதுவும் இல்லாமல் வெறும் மூச்சு மட்டும் வந்தது. அதே நெடி, இன்னும் அடர்த்தியாக, இளஞ்சூடாக, முகத்தில்.

அட்டையும் துணியும் தோலுமாகச் செய்த துருத்தியின் மடிப்புகளுக்குள், மடல்களில், கட்டைகளுக்கு அடியில் இருக்கும் கம்பளித்துணியில் எல்லாம் அது குடியேறியிருக்கிறது. ஈரம் இருந்த இடத்தில் எஃகு நாக்குகளில் துரு தொடங்கியிருக்கும். இன்றைக்குச் சுருதியோடு பேசும் நாக்கு நாளைக்கு எப்படிப் பேசும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். ரொம்ப நேரம் விளக்கினேன் என்று நினைக்கிறேன், ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தள்ளிப்போடுவதற்காக. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் அதையேதான் கேட்டார். “அப்ப வாங்கலையா தம்பி? அவ்வளவு தூரம் வந்துட்டு?”

“மன்னிச்சுக்குங்க ஐயா.”

அவர் முகம் சுருங்கியது. என் காது சூடாகிவிட்டது. ஈரமில்லாத அறையில், மூடியைத் திறந்துவைத்து, காற்றாட நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். சரி சரி என்றார், முகம் பார்க்காமல். ரயிலுக்கு இன்னும் 5 மணி நேரம் இருந்தது. அங்கே உட்கார முடியவில்லை. நிலையத்துக்கே போய்க் காத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி என் கையைப் பார்த்தாள், பின்னால் யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று வாசலையும் பார்த்தாள்.

சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் அந்த 14 நிமிடக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. நேற்று ராத்திரியும் போட்டுக் கேட்டேன். நாற்றமில்லாமல், துருவில்லாமல், 82 சுரங்களும் வரிசையாக ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கியபடி அவர் சொல்கிறார்: “அடுத்தது… இது வெள்ளை. இப்ப கறுப்பு. இருங்க தம்பி, கை மாறிடுச்சு, இன்னொரு தடவை இழுக்கறேன்.”